முன்சக்கரத்தின் முந்துகை

பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் டிராக்டரில் முன்சக்கரம் ஒரு சுமை. அது வழி திருப்பும். எடையில் ஒரு பங்கைத் தாங்கும். முன்னேறுவதற்குச் சிறிதும் உதவாது. காவிரிப் படுகையில் நடவுக்கு முன் சேறு கலக்கும்போது இதைக் கண்ணாலேயே காணலாம். உந்தப்படாத முன்சக்கரம் தன் முன்னே சேற்றைத் திரட்டித் தள்ளிக்கொண்டு போகும். அந்தத் திரட்சியைத் தள்ளும் விசையையும் பின்சக்கரமே ஈட்டியாக வேண்டும். முன்சக்கரத்துக்கும் சுழற்சியைக் கொடுத்துவிட்டால் அதே சக்கரம் சேற்றைக் கீழே மிதித்து, அதன்மேல் ஏறிச் செல்கிறது. அது மிதித்து இறுக்கிய தடத்திலேயே பின்சக்கரமும் வருவதால் பின்சக்கரத்தின் பிடிப்பும் கூடுகிறது. இத்தாலியின் சாமே நிறுவனம் நான்கு சக்கரங்களும் உந்தும் டீசல் உழுபொறியை 1952-இல் கொண்டுவந்தது. சிறிய முன்சக்கரமும் பெரிய பின்சக்கரமும் கொண்டு நான்கும் உந்தும் அமைப்பு பின்னர் உலகெங்கும் பரவி, இன்று நம் நன்செய்களிலும் இயல்பான காட்சியாகிவிட்டது.

முன்னும் பின்னும் அளவொத்த சக்கரங்களாக இருந்திருந்தால் இவ்வமைப்பில் எழும் கோளாறுகளில் பாதி எழுந்தே இரா. அளவு வேறுபட்ட இரண்டு இணைச் சக்கரங்களை ஒரே எஞ்சின் ஒரே விரைவில் நிலத்தின்மேல் ஓட்ட வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பட்டறைக்கு வரும் முறையீடுகளோ எப்போதும் வேறு முகம் காட்டும். ‘ஃபோர்வீல் பிடிக்கவில்லை’ என்பர். ‘பிடித்தது விடவில்லை’ என்பர். திருப்பும்போது ஒலி வருகிறது, எண்ணெய் ஒழுகுகிறது என்பர். கேட்டவுடன் முன்னச்சைக் கழற்றத் தொடங்குவது நம் பணிமனைகளில் ஊறிப்போன பழக்கம். பெட்டியைத் திறப்பது கடைசிச் செயலாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளவுநாடாவும் சுண்ணாம்புக் கட்டியும் ஒரு மின்சோதனை விளக்கும் கையில் இருந்தால், திறக்காமலே கண்டறியத்தக்கவை மிகப் பல.

முதலில் விசை செல்லும் வழியை அறிந்துகொள்வோம். எஞ்சினின் சுழற்சி பல்லிணைப் பெட்டி வழியாகப் பின்னச்சுக்குப் போகிறது. பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் அந்தக் கடைசித் தண்டிலிருந்தே முன்னச்சுக்கான சுழற்சியும் பிரிகிறது. ஆகையால் ஓட்டுநர் எந்தக் கியரில் ஓட்டினாலும் முன்சக்கரச் சுழற்சிக்கும் பின்சக்கரச் சுழற்சிக்கும் இடையிலுள்ள பொருத்தம் மாறாது. பிரிந்த சுழற்சி ஓர் இணைப்பியைக் கடக்கிறது. சிறிய பொறிகளில் அது நெம்புகோலால் நகரும் பற்சக்கரம்; பெரியவற்றில் எண்ணெயில் தோய்ந்த பல தட்டுகள் கொண்ட உரசிணைப்பி. அங்கிருந்து பொறியின் அடிவயிற்றில் ஓடும் நீண்ட தண்டு, முன்னச்சின் நடுவிலுள்ள வேறுபாட்டுப் பல்லிணை, இடவலப் பக்கத்தண்டுகள், சக்கரக்குடத்துப் பற்சக்கரங்கள் என்று போய், இறுதியில் டயரை அடைகிறது.

இவ்வழியில் இல்லாத ஒன்றைத்தான் கருத்தில் கொள்ள வேண்டும். நான்கு சக்கரங்களையும் எப்போதும் உந்தும் மகிழுந்துகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே இன்னொரு வேறுபாட்டுப் பல்லிணை உண்டு; இரு அச்சுகளின் விரைவும் சற்றே வேறுபட்டால் அது விட்டுக்கொடுக்கும். வழக்கமான உழுபொறியில் அது கிடையாது. முன் உந்துகையைப் பிணைத்துவிட்டால் இரு அச்சுகளும் இரும்பால் கட்டுண்டவை. வேறுபாடு எழுந்தால் விட்டுக்கொடுக்க வேண்டியது டயருக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள நழுவல் மட்டுமே. மண் இளகியதாயின் அது எளிதில் நடக்கிறது. தரை கெட்டியாயின் நழுவ இடமின்றித் தண்டும் பல்லும் அந்த முரணைத் தாங்குகின்றன.

இரு அச்சுகளும் துல்லியமாக ஒரே விரைவில் ஓடுமாறு அமைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். டயர் தேயும், காற்று குறையும், எடை ஏறினால் நசுங்கும். இவற்றால் பொருத்தம் ஒருபுறமோ மறுபுறமோ சாயத்தான் செய்யும். முன்சக்கரம் பிந்தினால் அது உந்துவதற்கு மாறாகப் பின்னிழுக்கும். ஆதலால் பொறியமைப்போர் முன்சக்கரத்தின் விளிம்பு பின்சக்கரத்தின் விளிம்பைவிடச் சிறிது விரைவாக ஓடும்படி வேண்டுமென்றே அமைக்கின்றனர். இதனை முந்துகை என்போம். பெரும்பாலான பொறிகளில் இது 1 முதல் 5 விழுக்காட்டுக்குள் இருக்கும். ஒவ்வொரு பொறிக்கும் உரிய எல்லையை அதன் கையேடு கூறும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம். பின்சக்கரம் ஒரு சுற்றில் உருளும் நீளம் 4.20 மீட்டர், முன்சக்கரம் உருளும் நீளம் 2.90 மீட்டர், பின்சக்கரம் ஒருமுறை சுழலும்போது பற்சக்கரங்கள் முன்சக்கரத்தை 1.49 முறை சுழற்றுகின்றன என்று கொள்வோம். அப்போது முன்சக்கர விளிம்பு 4.32 மீட்டர் ஓட முயலும். முந்துகை 2.9 விழுக்காடு, நல்ல அளவு. முன் டயரின் கட்டைகள் 16 மில்லிமீட்டர் தேய்ந்து, உருளும் நீளம் 2.80 மீட்டராகக் குறைந்துவிட்டது என்க. இப்போது விளிம்பு ஓடுவது 4.17 மீட்டர் மட்டுமே. முந்துகை மறைந்து, முன்சக்கரம் பின்தங்கத் தொடங்கிவிட்டது. மாறாக, முன் டயர் புதிதாகவே இருக்க, பின் டயர் தேய்ந்து 4.12 மீட்டராகிவிட்டால் முந்துகை 4.9 விழுக்காட்டுக்கு ஏறி எல்லையைத் தொட்டு நிற்கும். எந்தப் பற்சக்கரமும் பழுதுபடவில்லை. எந்தத் தண்டும் முறியவில்லை. ஆயினும் முன் உந்துகை கெட்டுவிட்டது.

முன் டயர் தேய்ந்தது என்று முன்னிரண்டை மட்டும் மாற்றுவதும், கடையில் கிடைத்த வேறு நிறுவனத்தின் டயரை மாட்டுவதும் எவ்வளவு இடர் தரும் என்பது இக்கணக்கால் விளங்கும். பக்கச்சுவரில் ஒரே அளவு அச்சிட்டிருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் உருளும் நீளம் வேறுபடுகிறது. ஆரைவரி டயருக்கும் குறுக்குவரி டயருக்கும் இடையிலும் வேறுபடுகிறது. நான்கு விழுக்காட்டு இடைவெளிக்குள் நடக்கும் ஆட்டத்தில் இரண்டு விழுக்காடு சிறிய பிழையன்று. உழவரைக் குறை சொல்வதற்கில்லை. முந்துகை என்று ஒன்று இருப்பதை டயர் விற்பவர் எத்தனை பேர் அவரிடம் சொல்கின்றனர்?

முந்துகையை வயலிலேயே அளந்துவிடலாம். ஒரு பின் டயரிலும் முன் டயர்கள் இரண்டிலும் சுண்ணாம்பால் குறியிட்டு, காற்றழுத்தத்தைச் சரிசெய்து, முன் உந்துகையை விடுவித்துக் கெட்டியான சமதரையில் நேராகவும் மிக மெதுவாகவும் ஓட்ட வேண்டும். பின்சக்கரம் 10 சுற்று முடிக்கும்போது முன்சக்கரங்கள் எத்தனை சுற்று முடித்தன என்று இருபுறமும் நடந்து வருவோர் எண்ணலாம்; அரையும் காலுமாக மிஞ்சும் சுற்றை டயரின் கட்டைகளை எண்ணி அறியலாம். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் இது 14.48 சுற்றாக இருக்கும். பிறகு உழுத இளமண்ணில் முன் உந்துகையைப் பிணைத்து, மீண்டும் 10 சுற்று ஓட்டி எண்ண வேண்டும். இம்முறை இடமும் வலமும் சேர்த்த சராசரி 14.90 வர வேண்டும். இரண்டாம் எண்ணை முதலெண்ணால் வகுத்தால் 1.029. அதுவே முந்துகை.

இச்சோதனையில் இன்னொரு பயனும் உண்டு. இரண்டாம் எண்ணை நிறுவுவது பற்சக்கரம், மண்ணன்று. நிலம் இளகியதாயினும் இறுகியதாயினும் பிணைப்பு உறுதியாக இருக்குமானால் அந்த 14.90 மாறாது. பிணைத்த பின்னும் 14.48-இலேயே நின்றுவிட்டால் சுழற்சி முன்சக்கரத்தை எட்டவே இல்லை. வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. ஏர் இழுக்கும்போது இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எண் வந்தால் உரசிணைப்பி நழுவுகிறது. பெட்டியைத் தொடாமலே மூன்று செய்திகளை இந்த எண்ணிக்கை தந்துவிடுகிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் இந்த அளவுக்கு மலிவாக உண்மை சொல்லி நான் அறிந்ததில்லை.

அடுத்து, ‘பிடித்தது விடவில்லை’ என்னும் முறையீட்டுக்கு வருவோம். முந்துகை 3 விழுக்காடு என்றால் தார்ச்சாலையில் 100 மீட்டர் போவதற்குள் முன்சக்கர விளிம்பு 103 மீட்டர் ஓட முயல்கிறது. அந்த மூன்று மீட்டரையும் டயர் சாலையில் தேய்த்துத்தான் தீர்க்க வேண்டும். தேய்ந்து நழுவும் வரை நீள்தண்டு முறுக்கேறி நிற்கிறது. அந்த முறுக்கு நகரும் பற்சக்கரத்தின் வரிப்பற்களைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் நெம்புகோலை எவ்வளவு இழுத்தாலும் வராது. இது பழுதன்று. நெம்புகோலை உதைப்பதும் குழாய் மாட்டி நீட்டி இழுப்பதும் அதனைப் பழுதாக்கும். பொறியை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு அவிழும். அந்த நொடியில் நெம்புகோல் தானே இளகி வரும். பிணைக்கும்போது பல்லோடு பல் முட்டி நின்றாலும் மெல்ல உருளவிட்டால் போதும். இவ்வாறு செய்தும் வாராவிட்டால் மட்டுமே பற்சக்கரத்தை நகர்த்தும் கவையையும் இணைப்புக் கம்பியையும் பார்க்க வேண்டும்.

திருப்பத்தில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. பொறி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. திருப்புகோணம் 30 பாகையாயின் முன்னச்சு கடக்க வேண்டிய வழி பின்னச்சின் வழியைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு நீளம். பற்சக்கரம் கொடுப்பதோ 2.9 விழுக்காட்டு முந்துகை மட்டுமே. கணக்கிட்டால் 14 பாகைக்குள்ளேயே அந்த முந்துகை தீர்ந்துவிடும். அதற்கு மேல் திருப்பினால் முன்சக்கரம் தான் சுழல வேண்டிய விரைவில் சுழல முடியாமல் கட்டுண்டு, தடையாக மாறி, பொறியை நேர்வழியிலேயே தள்ளும். சேற்று வயலின் மூலையில் திருப்பும்போது பொறி வளைய மறுப்பது இதனால்தான். பலர் இதைத் திருப்புவிசைக் கோளாறு என்று கருதிவிடுகின்றனர். ஜப்பானின் குபோட்டா நிறுவனம் கூர்திருப்பத்தில் முன்சக்கரங்களின் சுழற்சியை மட்டும் விரைவாக்கும் அமைப்பைச் சில பொறிகளில் வைத்திருப்பது இவ்விடரைத் தீர்ப்பதற்கே. அவ்வமைப்பில்லாத பொறியைக் கெட்டியான களத்துமேட்டில் நான்கு சக்கரப் பிணைப்போடு கூர்ந்து திருப்புவது, முன்னச்சின் பற்களை எதிர்த்திசையில் முறுக்கி ஒடிப்பதற்கு ஒப்பாகும்.

நடுவில் வேறுபாட்டுப் பல்லிணை இல்லாமையால் நேரும் இன்னொரு விளைவு, முறுக்குவிசை எடையைப் பின்தொடர்வது. பாதி முன்னுக்கு, பாதி பின்னுக்கு என்று அது பங்கிடப்படுவதில்லை. எந்த அச்சில் பிடிப்பு மிகுதியோ அங்கே விசை செல்கிறது. முன்புறம் அள்ளுவாளி மாட்டி மண் நிறைத்துத் தூக்கும்போது எடை முழுவதும் முன்னச்சின் மேல் சாய்கிறது; பின்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. அப்போது எஞ்சினின் விசை ஏறக்குறைய முழுவதும் மெல்லிய முன்தண்டு வழியாகவே செல்ல நேர்கிறது. அது அதற்கென்று செய்யப்பட்டதன்று. அள்ளுவாளிப் பணியில் முன்னச்சுப் பற்கள் மீண்டும் மீண்டும் ஒடிகின்றன என்றால் பற்களின் தரத்தைக் குறைகூறுமுன் பின்னச்சில் எடை தொங்கவிட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

கரும்பு ஏற்றிய இரு சக்கர இணைவண்டியில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. இழுவிசை தரைக்குச் சற்று மேலே செயல்படுவதால் முன்னச்சின் எடை குறைகிறது. 2,400 கிலோ எடையுள்ள பொறியில் 40 விழுக்காடு, அதாவது 960 கிலோ, முன்னச்சில் இருப்பதாகக் கொள்வோம். இழுவிசை 1,000 கிலோ, கொக்கியின் உயரம் அரை மீட்டர், அச்சிடைத் தொலைவு 2 மீட்டர் என்றால் முன்னச்சு 250 கிலோவை இழந்துவிடும். இணைவண்டியின் மூக்கு கொக்கியை அழுத்துவதால் இழக்கும் எடை வேறு. எஞ்சியிருக்கும் சிறிதளவு எடையால் முன் டயர் மண்ணைப் பற்ற இயலாது. சுழலும், ஆனால் இழுக்காது. ‘ஃபோர்வீல் வேலை செய்யவில்லை’ என்று வரும் பொறிகளில் இத்தகையவையும் உண்டு. முன்மூக்கில் மாட்டும் இரும்பு எடைகளை மாட்டினாலே இக்குறை தீரும்.

இத்தனையும் சரியாக இருந்து, சுழற்சி உண்மையிலேயே முன்சக்கரத்தை எட்டவில்லை என்றால் அறுந்த இடத்தைத் தேடலாம். எஞ்சினை நிறுத்தி, பொறியைக் கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டு, முன்னச்சு ஊசலாடாமல் அதற்கும் சட்டத்துக்கும் இடையே மர ஆப்பு செருகி, ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கித் தாங்குமேடையில் நிறுத்த வேண்டும். உந்துகை பிணைந்த நிலையில் அச்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். எல்லாம் நலமாக இருந்தால் பற்களுக்கிடையிலுள்ள சிறு தளர்ச்சிக்கு மேல் அது அசையாது. ஏனெனில் மற்ற முன்சக்கரம் தரையில் நிற்கிறது, நீள்தண்டைப் பின்னச்சு பிடித்து நிற்கிறது. தடையின்றிச் சுழன்றால் எங்கோ அறுந்திருக்கிறது. அப்போது அடியிலுள்ள நீள்தண்டைப் பாருங்கள். சக்கரத்தோடு அதுவும் சுழன்றால் முன்னச்சு நலம்; அறுந்தது தண்டுக்குப் பின்னே, இணைப்பியிலோ வரிப்பல்லிலோ. தண்டு அசையாமல் சக்கரம் மட்டும் சுழன்றால் அறுந்தது முன்னச்சுக்குள்.

அச்சுக்குள் முறிந்தது பக்கவழியில்தானா என்பதையும் அறியலாம். இரு முன்சக்கரங்களையும் தூக்கி ஒன்றைச் சுழற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுழல வேண்டும். அதுவே வேறுபாட்டுப் பல்லிணையின் இயல்பு. சுழற்றிய சக்கரத்தோடு மறுபுறச் சக்கரமும் அசையவில்லை, நீள்தண்டும் அசையவில்லை என்றால் இரு பக்கங்களுள் ஒன்றில் தண்டோ குடத்துப் பற்சக்கரமோ முறிந்திருக்கிறது. இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. ஒரு பக்கத்துத் தண்டு முறிந்தால் மறுபக்கச் சக்கரமாவது உந்தும் என்று எண்ணுகின்றனர். உந்தாது. வேறுபாட்டுப் பல்லிணை இரு பக்கங்களுக்கும் சமமான முறுக்குவிசையையே தரவல்லது. துலாக்கோலின் ஒரு தட்டு அறுந்து விழுந்தால் மறுதட்டில் எந்த எடையும் நிற்காதன்றோ? அதுபோல முறிந்த பக்கம் எதிர்ப்பின்றிச் சுழல, நலமான பக்கத்துக்கும் விசை கிடைக்காமல் போகிறது. ஆகவே இரு சக்கரங்களும் ஒருசேரச் செத்துக் கிடப்பது ஒரே பக்க முறிவின் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லியாக வேண்டும். முன்னச்சை மட்டுமோ பின்னச்சை மட்டுமோ தூக்கி வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டிச் சோதிக்கவே கூடாது. தரையில் நிற்கும் அச்சுக்கும் விசை சென்று, பொறி தாங்குமேடையிலிருந்து பாய்ந்துவிடும். உந்துகை விடுபட்டிருக்கிறது என்று விளக்கு காட்டினாலும் நம்பலாகாது.

அந்த விளக்கைப் பற்றிச் சில சொல். பொத்தானை அழுத்தினால் இயங்கும் பொறிகளில் விளக்கு எரிவது, ஆணை பிறந்துவிட்டது என்பதற்கு மட்டுமே சான்று. தட்டுகள் பிணைந்தன என்பதற்குச் சான்றாகாது. பல பெரிய பொறிகளில் தட்டுகளை அழுத்திப் பிணைப்பது வலிய தட்டுவில். எண்ணெய் அழுத்தம் அந்த வில்லைப் பின்தள்ளி விடுவிக்கிறது. மின்சாரமோ எண்ணெயோ போய்விட்டால் உந்துகை தானே பிணைந்துவிடும். இது பாதுகாப்பு கருதிச் செய்தது. பெரும்பாலான உழுபொறிகளில் நிறுத்தி (பிரேக்) இருப்பது பின்னச்சில் மட்டுமே. முன்னச்சு பிணைந்திருந்தால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து வேகத்தைத் தடுக்கும். வேறு சில பொறிகளில் எண்ணெய் அழுத்தமே பிணைக்கும். எந்த வகை என்று தெரியாமல் சோதிக்கத் தொடங்கினால் அறிகுறிகள் அனைத்தும் தலைகீழாகப் படும். வில்வகையில் ‘விடவில்லை’ என்பது மின்குறையையோ அழுத்தக் குறையையோ குறிக்கும். ‘பிடிக்கவில்லை’ என்பது தேய்ந்த தட்டையோ, அழுத்தத்தை வடியவிடாமல் சிக்கிக்கொண்ட தடுக்கிதழையோ குறிக்கும். எண்ணெய்வகையில், தேய்ந்த தட்டு நீங்கலாக, இவை இடம் மாறும்.

மின்பகுதியைச் சோதிப்பது எளிது. உருகியைப் பார்த்து, பிறகு தடுக்கிதழை இயக்கும் மின்காந்தச் சுருளின் செருகியைக் கழற்றி, உந்துகையைப் பிணைக்கும்போது (வில்வகையில் விடுவிக்கும்போது) 12 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். அளவி இல்லையெனில், செருகி மாட்டிய நிலையில் ஒரு திருப்புளியின் முனையைச் சுருளின் தலையருகே பிடித்தால் மின்னோட்டம் பாயும்போது அது இழுபடும். வைக்கோற்போர் அருகே நிறுத்தும் பொறிகளில் எலி கடித்த கம்பியும், சேற்றுழவு செய்யும் பொறிகளில் பச்சை பூத்த செருகியும் பெரும்பாலும் குற்றவாளிகள். மிதிபலகையின் அடியிலுள்ள சொடுக்கியையும் மறத்தலாகாது. நிறுத்தியை மிதித்தால் முன் உந்துகை தானே பிணையும் அமைப்புள்ள பொறிகளில் அச்சொடுக்கி சற்று நகர்ந்துவிட்டாலே போதும். ஓட்டுநர் அறியாமல் சாலையெங்கும் நான்கு சக்கரமும் பிணைந்தே ஓடும். முன் டயர் காரணமின்றித் தேய்கிறது என்று வருவோரிடம் முதலில் இதைத்தான் பார்ப்பேன். எண்ணெய்க்கு வந்தால், ஈரத்தட்டுகளுக்கென வகுத்த எண்ணெயை விட்டு எஞ்சின் எண்ணெயை ஊற்றிய பெட்டியில் தட்டுகள் உதறுவதும் நழுவுவதும் வியப்பன்று. அடைபட்ட வடிகட்டியும் அழுத்தத்தைக் குறைக்கும்.

ஒலிகள் வேறு கதை. சக்கரத்தைத் திருப்பியபடியே சுழற்றியாக வேண்டும் என்பது முன்னச்சின் தலைவிதி. இதற்குப் பொறியமைப்போர் இரு வழிகளைக் கண்டனர். ஒன்று, சிலுவை வடிவான மூட்டு. ராபர்ட் ஊக் 17-ஆம் நூற்றாண்டில் விளக்கிய இம்மூட்டுக்கு ஒரு குறை உண்டு: வளைந்த நிலையில் சீராகச் சுழலாது. 30 பாகை வளைவில், சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 0.87 மடங்காகக் குறைந்து, இருமுறை 1.15 மடங்காக ஏறும். ஆதலால் இரண்டு மூட்டுகளை அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்றால் ஈடுசெய்கின்றனர். திருப்பும்போது மட்டும் கேட்கும் ‘டக் டக்’ ஒலி இம்மூட்டின் ஊசித் தாங்குருளைகள் உலர்ந்து தேய்ந்ததைச் சொல்லும். மற்றொரு வழியில் மூட்டே கிடையாது. பக்கத்தண்டின் முனையில் ஒரு சாய்பற்சக்கர இணை சுழற்சியைக் கீழ்நோக்கித் திருப்ப, நெடுக்குத் தண்டொன்று இறங்கி, அடியில் இன்னோர் இணை அதைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும். நெடுக்குத் தண்டைச் சுற்றியே சக்கரம் திரும்புவதால் எவ்வளவு வளைத்தாலும் சுழற்சி சீராக இருக்கும். அச்சின் நடுப்பகுதியும் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். நெல்வயலுக்கென வளர்ந்த ஜப்பானியப் பொறிகள் இவ்வழியை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் அந்த அடிப்பெட்டி சேற்றிலேயே மூழ்கிக் கிடக்கிறது. அதற்குள் நீர் புகாமல் காப்பது ஆயில்சீல் எனப்படும் ரப்பர் உதட்டு வளையம் மட்டுமே. வரப்போரத்து நைலான் கயிறு, நரம்பு வலை, வைக்கோல் ஆகியவை குடத்தைச் சுற்றிக்கொண்டு உதட்டை அறுத்துவிடும். இதைவிட நயவஞ்சகமான பகைவன் அடைபட்ட மூச்சுத்துளை. உழவின்போது அச்சுப்பெட்டி 30 பாகையிலிருந்து 70 பாகை செல்சியசுக்குச் சூடேறினால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 13 விழுக்காடு கூடும். மூச்சுத்துளை திறந்திருந்தால் அது வெளியேறிவிடும். சேறு அடைத்திருந்தால் சீலின் உதட்டை நெகிழ்த்திக்கொண்டு எண்ணெய் வெளிவரும். பிறகு பொறி குளிர்ந்த நீரில் இறங்கியதும் உட்காற்று சுருங்கி, அதே உதட்டின் வழியாகச் சேற்றுநீரை உள்ளிழுக்கும். சீலை மாற்றி மாற்றிச் சலித்தவர்கள் பலர். குண்டூசி நுழையும் அந்தத் துளையைக் குத்தித் திறந்து பார்த்தவர் சிலரே.

நீர் புகுந்ததா என்று அறிய, பொறியை ஓர் இரவு அசையாமல் நிறுத்தி, விடியலில் அடிப்பெட்டியின் வடிகால் திருகைச் சற்றே தளர்த்த வேண்டும். நீர் எண்ணெயினும் எடை மிக்கதாதலால் அடியில் தங்கி முதலில் வரும். முழுவதும் பால்நிறமாக வந்தால் நீரும் எண்ணெயும் கலந்து கடைந்துபோயின என்று பொருள். எண்ணெய் மாற்றினால் மட்டும் போதாது, தாங்குருளைகளையும் பார்க்க வேண்டும். திருகின் காந்தமுனையில் மைபோல் படிந்த நுண்பொடி இயல்பானது. விரல்நகம் போன்ற துண்டோ மினுங்கும் செதிலோ ஒட்டியிருந்தால்தான் பெட்டியைத் திறக்கும் வேளை வந்துவிட்டது.

திறந்த பின் ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. சாய்பற்சக்கர இணையில் ஒன்று மட்டுமே பல்லிழந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அவை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை; பழையதோடு புதியது ஓடினால் ஊளையிடும், பிறகு ஒடியும். இணைக்குப் பின்னால் இருந்த மென்தகடுகளின் தடிப்பை அளந்து குறித்துக்கொண்டு, புதிய இணைக்கு ஏற்ப அவற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பற்களின் இடைத்தளர்ச்சி கையேட்டு எல்லைக்குள் வரும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய நேரும். கடைசியாகப் பற்களின்மேல் செங்காரீயக் குழம்பை மெல்லப் பூசி, கையால் சில சுற்றுச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பூச்சு அழிந்த தடம் பல்லின் நுனியில் ஏறியிருந்தாலோ அடியில் இறங்கியிருந்தாலோ தகட்டை மாற்ற வேண்டும். தடம் பல்லின் உயரத்தில் நடுவாகவும், நீளத்தில் உள்முனைப் பக்கம் சற்றே ஒதுங்கியும் விழுந்தால் எண்ணெய் ஊற்றி மூடலாம்.